சக டிஜே சொல்லும் ஒரு வார்த்தை

கூட்டம் ஆடினால் போதும், டிஜேக்கு வேறென்ன பாராட்டு வேண்டும் என்று கேட்கிறார்கள். கூட்டம் ஆடுவது பெரிய சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைதட்டலில் பெரும்பங்கு பாட்டுக்குப் போகிறது, அதுதான் நியாயமும்கூட. அந்தப் பாட்டை அந்த நிமிஷத்தில் ஏன் போட்டோம் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

செட்டப்பைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகும் மொபைல் டிஜேயின் வேலையில் பாதி, சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. மைக் பிடிப்பவர் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதபடி இடம் பார்த்து வைத்திருப்போம், அதனால் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து ஃபீட்பேக்காக ஊளையிடவில்லை. லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைனில் கரண்ட் எடுத்திருப்போம், அதனால் நடுவில் எதுவும் ட்ரிப் ஆகவில்லை. மிக்சரில் சிவப்பு விளக்கு எரியாமல் கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியின் அளவை, பிடித்து வைத்திருப்போம், அதனால் சத்தம் ஏறினாலும் காது வலிக்கவில்லை. லேப்டாப் உறைந்துபோனால் உடனே மாற்ற இன்னொரு பென்டிரைவில் மொத்தப் பாட்டும் தயாராக இருக்கும். இதையெல்லாம் கவனித்து வந்து கை கொடுக்கக்கூடியவர் இன்னொரு டிஜே மட்டும்தான்.

சிக்கலே அங்கேதான். மற்ற தொழிலில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருப்பார். கிளப்பில் வாசிப்பவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று வரிசை இருக்கும். நமக்கு அப்படி யாரும் கிடையாது. நமக்குப் புரோகிராம் இருக்கும் அதே ராத்திரியில்தான் மற்ற டிஜேக்களுக்கும் புரோகிராம். ஒரே தொழிலில் பல வருஷம் இருந்தும் ஒருவர் வேலையை மற்றவர் முழுசாகப் பார்த்ததே இல்லை என்பது சாதாரணம். ஹால் காலியான பிறகு சப்வூஃபரை வண்டியில் ஏற்றும் நேரத்தில், இன்று எப்படி இருந்தது என்று பேச ஆள் இல்லை. அந்தத் தனிமை மெல்ல மெல்ல நம் கணிப்பையே சந்தேகப்பட வைக்கும்.

போட்டிதான் இதற்குக் காரணம் என்பார்கள். ஓரளவு உண்மை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் நடந்த பார்ட்டியால் ஹிப்ஹாப் வரலாற்றில் இடம்பிடித்த டிஜே கூல் ஹெர்க், தன் இசைத்தட்டுகளின் லேபிளை ஊறவைத்து உரித்துவிடுவாராம், எந்தப் பாட்டு என்று மற்றவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. அன்றைக்கு அதில் அர்த்தம் இருந்தது. ஒரு அபூர்வமான இசைத்தட்டு கையில் இருப்பதே பெரிய பலம். இன்று ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் என்ன பாட்டு என்று அதுவே சொல்லிவிடுகிறது. நம்மிடம் மிச்சமிருப்பது எப்போது, எதற்குப் பிறகு, எவ்வளவு நேரம் என்ற கணிப்புதான். அதைப் பாராட்டிப் பேசுவதால் யாருடைய புக்கிங்கும் பறிபோகாது. பயந்து பயந்து ஒருவரை ஒருவர் பாராட்டாமல் இருந்ததில்தான் நாம் நிறைய இழந்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

பாராட்டு என்றால் ‘சூப்பர் ப்ரோ’ இல்லை. அது நல்ல மனசோடுதான் வருகிறது, ஆனால் மறுநாள் ஞாபகம் இருக்காது. எனக்கு மூத்த டிஜே ஒருவர் சொன்னது வேறு மாதிரி: “சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிந்தது. அப்புறம் 100 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு இத்தனை தாள அடி என்ற வேகக் கணக்கு) இருந்து 128க்கு ஒரேயடியாகத் தாவாமல் நாலைந்து பாட்டில் ஏற்றினாய். நடுவில் ஒருத்தரும் உட்காரவில்லை, கவனித்தாயா?” நான் கவனித்திருக்கவில்லை! பிறகு ஒவ்வொரு புரோகிராமிலும் அதைக் கவனிக்கிறேன். ஊக்கமும் பாடமும் ஒன்றாகக் கிடைத்த இடம் அது.

இது தானாக வந்து சேராது, தேடிப் போகத்தான் வேண்டும். புக்கிங் இல்லாத நாளில், தெரிந்த டிஜேயிடம் கேட்டுக்கொண்டு அவர் புரோகிராமுக்குப் போங்கள். கேபிள் சுற்ற உதவுங்கள், ஓரமாக நின்று கேளுங்கள். விருந்தினரிடம் உங்கள் கார்டை நீட்டாதீர்கள், அதைவிட நம்பிக்கையைக் கெடுப்பது எதுவும் இல்லை. நமக்கு ஏற்கனவே தேதி போயிருந்தால் வருகிற புக்கிங்கை யாருக்குக் கைகாட்டுகிறோம் என்பதும் பாராட்டுதான், சொல்லப்போனால் அதுதான் பெரிய பாராட்டு. மனம்விட்டுப் பேச மூன்று நான்கு பேர் இருந்தால் போதும்.

இதில் புதியவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. மற்றவர்கள் போடும் முப்பது வினாடி வீடியோவில் எப்போதும் டான்ஸ் ஃப்ளோர் நிரம்பித்தான் இருக்கும். முதல் அரை மணி நேரம் ஃப்ளோர் காலியாக இருந்ததை யாரும் போடுவதில்லை. அது எல்லோருக்கும் நடப்பது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? அந்த வேலை மூத்தவர்களுடையது. சொல்லாததால் நல்ல காது உள்ள பிள்ளைகள் சீக்கிரமே செட்டப்பை விற்றுவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த முறை ஒரு சக டிஜேயின் வீடியோவுக்குத் தீ எமோஜி போடப் போகும்போது, எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். எத்தனையாவது வினாடி என்றும் குறிப்பிட்டால் இன்னும் நல்லது.