பின் லைனில் நாலு வீடு

நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட வீடுகளுக்கு உதவும் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடி மைக்கில் என்ன பேசினார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். வீடியோவும் எல்லா வாட்சாப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. "நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்களால் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது" என்றது என்னைத்தான். பெயர் சொல்லவில்லை. இந்த ஊரில் நோட்டோடு அலைவது வேறு யார்?

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் அதே வீடியோவின் பின்பாதியில் ஒரு சுவருக்குப் பூசி வெள்ளையடிப்பதைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அந்தச் சுவரில் நான் பென்சிலால் தேதி எழுதி வைத்திருந்தேன். அதன் மேலேயே பூசிவிட்டார்கள். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

2025 ஆகஸ்ட் 24, காலை 6.13. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் 4.1 ரிக்டர் நிலநடுக்கம். அன்றைக்குக் கட்டில் ஆடியதை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் சின்னச் சின்னதாய் வந்தது. நல்லவேளை, யார் வீடும் இடிந்து விழவில்லை. ஆனால் தோட்டத்து (எஸ்டேட்) பழைய வீடுகளிலும், பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படிகளிலும் விரிசல் தெரிந்தது. சிலது பழைய விரிசலாகவும் இருக்கலாம், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கலாம். எது பழசு, எது புதுசு, எது நீள்கிறது என்று பார்க்கத்தான் அந்த நோட்டு.

நான் பொறியாளர் இல்லை. ஹார்ட்வேர் கடையில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கடைக்கு வரும் கட்டட வேலைக் குத்தகைக்காரர்களிடமும், பொறியாளராக இருக்கும் என் சித்தி மகனிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பூச்சில் மட்டும் மயிரிழைபோல் ஓடும் கோடு வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல் வேறு. தூண் இல்லாமல், பீம் இல்லாமல், வெறும் அரைச் செங்கல் கனத்தில் எழுப்பிய அடுப்படிச் சுவர் பழைய வீட்டை விட்டுப் பிரிவது இன்னும் வேறு. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அது நின்றுவிட்டதா, நகர்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பூசலாம், இல்லையென்றால் இடித்துக் கட்டலாம். முதலிலேயே பூசிவிட்டால் ஒன்றும் தெரியாது. சுவர் அழகாகிவிடும், அவ்வளவுதான்.

நோட்டில் இன்னும் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டு நம்பர், யார் இருக்கிறார்கள், கிராண்டு (நிலப்பத்திரம்) யார் பேரில், வாடகையா, தோட்டத்து வீடா, இதுவரை யார் என்ன கொடுத்தார்கள். கடைசிக் கேள்வியை எழுதப் போய்த்தான் தெரிந்தது, ரோட்டோரத்து ஒரே வீட்டுக்கு மூன்று குழுக்கள் போயிருக்கின்றன. ஒரு குழு சிமெண்டு, ஒரு குழு ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்), ஒரு குழு பூச்சு வேலை. அந்த வீட்டுக்காரரே என்னிடம், "அக்கா, போதும்னு சொன்னா கோவிச்சுக்குவாங்களோ?" என்று கேட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பின்வரிசையில், அதாவது பின் லைனில், நாலு வீட்டுக்கு ஒருவர்கூடப் போகவில்லை. இதைத்தான் கூட்டத்தில் சொல்ல எழுந்தேன். மைக் கிடைக்கவில்லை.

"4.1-க்கு ஏன் இவ்வளவு பேச்சு, இது என்ன நேப்பாளமா" என்று கேட்பீர்கள். நேப்பாளம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கிருந்துதான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். எங்கள் கடைக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு நேப்பாளத் தம்பி பாதுகாவலராக இருந்தார். 2015 ஏப்ரல் 25-இல் 7.8 ரிக்டரில் அங்கே பூமி ஆடி ஒன்பதாயிரம் பேர் அளவுக்கு இறந்தபோது அவர் வீடும் போனது. லட்சக்கணக்கான வீடுகள் விழுந்த நாடு. அரசாங்கம் வீட்டுக்கு மூன்று லட்சம் நேப்பாள ரூபாய் கொடுத்தது. மொத்தமாக இல்லை. முதலில் ஐம்பதாயிரம், அஸ்திவாரம் முடிந்ததைப் பொறியாளர் வந்து பார்த்தபின் ஒன்றரை லட்சம், அப்புறம் மீதி ஒரு லட்சம். அந்தத் தம்பி இங்கே கேட்டில் நின்றுகொண்டு ராத்திரி ராத்திரியாக அம்மாவிடம் போனில் பேசுவார். கொத்தனார் கிடைக்கவில்லை, கல் வந்து சேரவில்லை, பொறியாளர் இன்னும் வரவில்லை. ஆண்கள் எல்லாம் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்க, வீடு கட்டிய பொறுப்பு பல ஊர்களில் அம்மாக்கள் தலையிலும் மனைவிமார் தலையிலும்தான் விழுந்தது.

உடனே சொல்வீர்கள், "பார்த்தீர்களா, பதிவு, கையெழுத்து என்று இழுத்தடித்துத்தானே அங்கே மக்கள் தகரத்துக்குள் கிடந்தார்கள்." உண்மைதான். மறுகட்டமைப்பு ஆணையம் வேலையைத் தொடங்கவே அந்த வருஷ டிசம்பர் ஆகிவிட்டது. குளிர்காலம் முழுக்க ஜனங்கள் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பணத்துக்காக ஒற்றை அறையைக் கட்டி முடித்துவிட்டு, விரிசல் விட்ட பழைய வீட்டிலேயே தொடர்ந்து குடியிருந்தவர்களும் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது ஆணையம் இல்லை. ஒரு நோட்டு. ஒரே ஒரு நோட்டு, எல்லாக் குழுவும் பார்க்கிற மாதிரி.

குஜராத்தில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு இது நடந்திருக்கிறது. கட்ச் பக்கம் தொண்டு நிறுவனங்கள் கூடிப் பேசி, சில கிராமங்களுக்கு ஒன்று என்று சேர்த்து ஒரு மையம் வைத்தார்கள். அதற்குப் பெயரே சேது. யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, அரசாங்கம் என்ன அறிவித்தது எல்லாம் அங்கே போனால் தெரியும். அரசாங்கமும் பணத்தை வீட்டுக்காரர் கணக்கிலேயே தவணையாகப் போட்டது, அவரவர் வீட்டை அவரவர் கட்டினார்கள். அதற்கு முன்னால் 1993-இல் மகாராஷ்டிராவில் கில்லாரி நிலநடுக்கம். பல ஊர்களை அப்படியே வேறு இடத்துக்கு மாற்றி, குத்தகைக்காரர்களை வைத்து வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். மாடு கட்ட இடமில்லை, பழைய தெருவின் உறவு இல்லை என்று ஜனங்கள் வருஷக்கணக்கில் குறைப்பட்டார்கள். கொடுக்கிறவர் மனசு நல்ல மனசுதான். வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நம் ஊரில் கேட்காமல் செய்தால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நேப்பாளத்தில் நிலப்பத்திரம் இல்லாதவர்கள் ஆரம்பத்தில் பட்டியலுக்கு வெளியேதான் நின்றார்கள். இங்கே தோட்டத்து வீடு யாருடையது? வேலை செய்கிறவர் குடியிருக்கும் வீட்டைச் சரியாக வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு என்று தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் வருஷத்து 446-ஆவது சட்டமே சொல்கிறது. நாம் போய்ப் பூசிவிட்டால் நிர்வாகம் எதற்கு வரப் போகிறது? வேலையை விட்டு நின்றும் அங்கேயே இருப்பவர்கள் கதை வேறு, தாத்தா பேரிலேயே இன்னும் கிராண்டு இருக்கும் வீட்டுக் கதை வேறு. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய கதவு வேறு. இதை எழுதி வைக்காமல் எப்படி?

"போட்டோ போட்டால்தானே பணம் கொடுக்கிறவர் கொடுப்பார்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். போடுங்கள். பின் லைனிலும் வந்து எடுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தோட்டத்தில் ஒரு புயல்காற்று. இரண்டு லைனில் கூரை பறந்தது. மறுநாள் லாரியில் தகரம் வந்தது, பெரிய மனிதர்கள் வந்தார்கள், மாலை, பேச்சு எல்லாம் நடந்தது. ரோட்டைப் பார்த்த லைனுக்கு முழுக்கத் தகரம் போட்டார்கள். நாங்கள் பின் லைன். அப்பா காலையில் ஆள் எடுக்கும் பிரட்டு முடிந்து மூன்று நாள் ஆபிசுக்கு நடந்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம பேரு எதுலயும் இல்லையாம்" என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து ஒழுகுகிற இடத்தில் வைத்தார். பால்வாளியைக்கூட. அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் புத்தகங்களை அரிசி டின்னுக்குள் வைத்துத்தான் படித்தோம்.

யாரும் எங்களுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. எழுதி வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நோட்டைப் பற்றி மைக்கில் பேசியபோது மண்டபத்தில் சிரித்தவர்களில் அந்தப் பின் லைனில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். இனி யார் வீட்டுக்குப் போவதாக இருந்தாலும் ஒரு போன் அடித்துக் கேளுங்கள், அந்த வீட்டுக்கு யாராவது போனார்களா, சுவரைப் பார்த்தாயிற்றா என்று. நோட்டை உங்களில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அந்த வெள்ளையடித்த வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கும் பாட்டியிடம், அந்தச் சுவரோரம் படுக்க வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தேன், கேட்டுக்கொண்டார். இப்போது பூசிவிட்டார்கள் அல்லவா, சரியாகிவிட்டது என்று கட்டிலைப் பழையபடி சுவரோரமே போட்டிருக்கிறார். நல்லா பண்ணிக் கொடுத்துட்டாங்க என்று அவ்வளவு சந்தோஷம். அவரிடம் என்ன சொல்ல? பேரனும் நானுமாகக் கட்டிலை இழுத்துக் கூடத்து நடுவில் போட்டுவிட்டு வந்தோம்.