மைசூரில் அன்று வானம் நீலம்தான்

ஒரு தம்பி எடுத்துப் போட்ட, நீல வானத்தோடு விளக்கெரியும் மைசூர் அரண்மனைப் படத்துக்குக் கீழே நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். "ராத்திரியில வானம் எங்க நீலமா இருக்கும்? ஒட்டவச்ச வானம்" என்று ஒருவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான், வரிசைகட்டி வந்துவிட்டார்கள். விடிவதற்குள் அந்தத் தம்பி படத்தையே நீக்கிவிட்டான்.

வானம் நீலம்தான். யாரும் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 7 மணிக்கு விளக்குப் போடுவார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு. ஜூலையில் அங்கே சூரியன் மறைவதே 6.50 வாக்கில். பொழுது சாய்ந்து பத்து நிமிடத்தில் விளக்கு எரிகிறது. அரண்மனையின் முகப்பு கிழக்கே, சாமுண்டி மலையைப் பார்த்து இருக்கிறது. முன்னால் நின்று எடுப்பவரின் கேமரா மேற்கே பார்க்கும். வெளிச்சம் கடைசியாக வடிகிற திசை அது. நீலம் வராமல் வேறென்ன வரும்?

"தசராவுக்குப் போனேன், கறுப்பாத்தான் இருந்துச்சு" என்கிறார் இன்னொருவர். இருந்திருக்கும். அக்டோபரில் 6 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும், 7 மணிக்கு வானத்தில் எதுவும் மிஞ்சாது. அவர் பார்த்தது அவர் போன மாதத்து வானம்.

"சரி, இவ்வளவு அடர் நீலமா?" ஆமாம். குண்டு பல்பின் மஞ்சளுக்கு ஏற்ப ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சமன் அமைப்பை, 3000 கெல்வினுக்கு இறக்கினால் கட்டடம் பொன்னிறத்தில் நிற்கும், அந்திவானம் இன்னும் நீலமாகும். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடி சுமாரில் தொடங்கலாம். கேமராவின் கணக்கை அப்படியே நம்பினால், இருட்டைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பல்பு வரிசையெல்லாம் வெள்ளைப் பட்டையாகிவிடும். ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைக்க வேண்டும்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். 7.15 தாண்டினால் வானம் கைவிட்டுப் போகும். அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் மாதம் பார்த்துப் போகிறோம்.

பல்பைச் சுற்றி நட்சத்திரக் கதிர் வந்ததையும் 'ஆப்' வேலை என்றார்கள். எஃப் 11, எஃப் 16 என்று துளையைச் சுருக்கினால் லென்ஸே அதைத் தரும். துளையைச் சுருக்கும் தகடுகள், அதாவது இதழ்கள், ஏழு இருந்தால் பதினான்கு கதிர், எட்டு இருந்தால் எட்டே. எண்ணிப் பார்த்திருக்கலாமே.

எடிட் செய்யவே இல்லையா என்று கேட்பீர்கள். இருண்ட பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியிருப்பான். அதுவும் வானத்தை வெட்டி ஒட்டுவதும் ஒன்றா?

போனிலேயே இதைச் சோதிக்கலாம். ஃபிளாஷை அணைத்து, போனைப் பையின் மேல் சாய்த்து, திரையில் பல்பைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்து, மூன்று நொடி டைமர் வைத்து எடுங்கள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ போங்கள். இதில் ஒன்றைக்கூடச் செய்து பார்க்காமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல், படம் எடுத்தவனைப் பொய்யன் என்று எழுத எப்படி மனசு வந்தது? சந்தேகம் வந்தால் எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று கேட்டிருக்கலாம். ஒரே வரிதான். ஒருவரும் கேட்கவில்லை. கற்றுக்கொண்டிருக்கிற பையனிடம் இவ்வளவு வன்மம் எதற்கு?

தம்பி, படத்தைத் திரும்பப் போடு. எடுத்த தேதியும் நேரமும் கோப்பிலேயே இருக்கும், அதையும் சேர்த்துப் போடு.