கெர்ரி நியமனத்தை 'ஆறுதல் பரிசு' என்பது சரியா?
2012 டிசம்பரில் ஜான் கெர்ரியை அதிபர் ஒபாமா அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பதவிக்கு முன்மொழிந்ததும் கெர்ரியின் ஆதரவாளர்கள் அவ்வளவு மகிழ்ந்தது 2004 அதிபர் தேர்தல் தோல்விக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு என்பதால்தான் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1971 ஏப்ரலில், வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய 27 வயது இளைஞராக, நாடாளுமன்ற மேலவையான செனட்டின் வெளியுறவுக் குழு முன் அமர்ந்து அந்தப் போரை எதிர்த்துச் சாட்சியம் சொன்னவர் அவர். முன்மொழியப்பட்டபோது அதே குழுவின் தலைவராக இருந்தார். அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது பிறகு நடந்தது. அதே போரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த, மாற்றுக் கட்சியான குடியரசுக் கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெயினுடன், கட்சி வேறுபாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, காணாமல்போன அமெரிக்க வீரர்கள் என்ன ஆனார்கள் என்று பொறுமையாக விசாரித்தார். 1995இல் வியட்நாமுடன் தூதரக உறவு ஏற்பட அந்த உழைப்புதான் பாதை போட்டது. ஒருகாலத்தில் துப்பாக்கியோடு போன நாட்டுக்கே சமாதானம் பேசப் போவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்தப் பதவிக்கு முன்பு பேசப்பட்ட சூசன் ரைஸ் விலகியதால் கிடைத்த வாய்ப்புதானே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ரைஸ் விலகியது உண்மைதான். ஆனால் 2010இல் ரஷ்யாவுடனான அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்கு செனட்டில் ஒப்புதல் பெறும் முயற்சியை முன்னின்று நடத்தியவர் கெர்ரி. அதற்குக் கிடைத்த 71 வாக்குகளில் 13 குடியரசுக் கட்சியினருடையவை.