தேடத் தெரியாத மருத்துவரை உருவாக்காதீர்கள்

2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமா குறித்த ஆய்வுக்குத் தன்னார்வலராக வந்த 24 வயதுப் பெண் இறந்துபோனார். நோய் எதுவும் இல்லாதவர். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் உள்ளிழுத்த பிறகு அவருடைய நுரையீரல் செயலிழந்தது. அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வாளர் தேடிய, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் அன்று இருந்தவையோ பெரும்பாலும் 1966-க்குப் பிந்தையவை.

இவ்வளவு தெரிந்த பிறகும், பயிற்சி மருத்துவர்களுக்கு மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் முறையை ஒரு மணி நேர வகுப்பில் சொல்லிவிட்டுக் கைகழுவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணினியைத் தொடும் முன் கேள்வி சரியாக வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பு உள்ள ஒரு முதியவர் அடிக்கடி கீழே விழுகிறார். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தரலாமா? பயிற்சி மருத்துவர் மருந்தின் பெயரையும் ‘முதியவர்’ என்பதையும் தட்டிவிட்டு, முதலில் வரும் கட்டுரையின் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார். எந்த நோயாளி, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். பக்கவாதத்தைத் தடுப்பதா, மூளையில் ரத்தக்கசிவா, தனக்கு எதைப் பற்றிய கவலை என்பதே அப்போதுதான் அவருக்குப் பிடிபடும்.

அடுத்தது சொற்கள். மாரடைப்பை ஒருவர் ஒரு பெயரில் எழுதுவார், இன்னொருவர் வேறு பெயரில் எழுதுவார். இதற்காகவே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-ல் ‘மெஷ்’ என்ற பொதுத் தலைப்புகளைக் கொண்டுவந்தது. ஆனால் மெஷ் தலைப்பு ஒட்டப்படாத பதிவுகளும் பப்மெட்டில் ஏராளம். எனவே தலைப்பையும் வழக்குச் சொற்களையும் ‘ஆர்’ (OR, அல்லது) போட்டு இணைத்துத் தேட வேண்டும். ‘நாட்’ (NOT, தவிர) போடுவதில் மிகுந்த கவனம் தேவை. குழந்தைகள் வேண்டாம் என்று விலக்கினால், குழந்தைகளையும் பெரியவர்களையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் காணாமல் போய்விடும். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும்.

அதற்கு நூலகரைவிடப் பொருத்தமானவர் யார்? 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் நூலகர்கள் மருத்துவர்களோடு வார்டு ரவுண்ட்ஸ் போகத் தொடங்கினார்கள். இன்றும் பல இடங்களில் அவரைப் புத்தகம் எடுத்துக்கொடுப்பவராக மட்டுமே நடத்துகிறோம். வருத்தமாக இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதும் என்கிறார்கள். இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் அது தந்துவிடுகிறது. அதைச் சரிபார்க்கவும் தேடத் தெரிய வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான்: இதற்குத் தேர்வில் மதிப்பெண் வையுங்கள். வார்டில் எழுந்த ஒரு கேள்வி, தேடிய சொற்கள், விலக்கிய கட்டுரைகள், விலக்கியதற்கான காரணம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுவரட்டும். விடை தவறாக இருந்தாலும், எங்கே வழி தவறினார் என்பதை அந்தப் பக்கத்தை வைத்தே அவரோடு பேசலாம்.