சி.எஸ்.ஆருக்குச் சிரித்தவர்களுக்கு

அந்த ரசீதுப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்று முழுக்க அதுதான் ஓடியது, மறுபடி இங்கே போடப் போவதில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதைப் படம் எடுத்து "ஒருவழியா கேஸ் போட்டுட்டாங்க, எல்லாருக்கும் நன்றி" என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். ஒரு வழக்கறிஞர் அதை எடுத்துப் போட்டு நக்கலடிக்க, கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: சி.எஸ்.ஆர். என்றால் கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் நாம் கொடுக்கும் மனுவை அந்தப் பதிவேட்டில் ஏற்றி ரசீது தருவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு பதிவாகவில்லை, குற்ற எண் கிடையாது, மாஜிஸ்திரேட்டுக்கு எதுவும் போகாது. அதெல்லாம் எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, போட்டால்தான். ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஸ்டேஷன் தாள், இரண்டிலும் ஒரு நம்பர், ஒரு கையெழுத்து. அழுதுகொண்டு போனவர் கையில் அதைக் கொடுத்து "கம்ப்ளெய்ன்ட் எடுத்தாச்சு, போங்கம்மா" என்றால் அவர் வேறு என்ன நினைப்பார்? அப்படி நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சில இடங்களில் விளக்காமல் அனுப்புகிறார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சாமானியன் கையில் கொடுக்கும் தாளில், முதல் தடவை ஒரு சுருக்கம் வரும் இடத்தில் அதை விரித்து எழுதுங்கள். ஒரே ஒரு தடவை. அப்புறம் பக்கம் பக்கமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

இது சட்டக்காரர்களுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் யார், குடியிருக்க வருபவர் யார் என்பதில் யாருக்குமே சந்தேகம் வராது. அங்கே மட்டும் "இனிமேல் இந்த ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று குறிப்பிடப்படும்" என்று பத்தி பத்தியாக விளக்கம். புரிந்ததை விளக்குவார்கள், புரியாததைச் சுருக்குவார்கள்.

எங்கள் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் பாதை கேட்டு வழக்குப் போட்டார். அது ஓ.எஸ்., அதாவது அசல் வழக்கு. இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞர் ஆணையரைப் போடச் சொல்லி பெரியப்பா தரப்பில் மனுப் போட்டார்கள். அது ஐ.ஏ., வழக்கு நடக்கும்போதே இடையில் போடுகிற மனு. அது தள்ளுபடி ஆனது. வக்கீல் குமாஸ்தா போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, ஐ.ஏ. டிஸ்மிஸ் ஆயிடுச்சு, பாத்துக்கலாம்." அண்ணன் மொபைலில் தேடிப் பார்த்தான், அங்கேயும் அதே இரண்டு எழுத்து, அதே டிஸ்மிஸ்டு. வழக்கே போய்விட்டது என்று பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. குமாஸ்தா கூப்பிட்டபோதும் "போனது போச்சு விடுப்பா" என்று போனை வைத்துவிட்டார்.

சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர் வராததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒரு தரப்பு இல்லாமலே சொல்கிற தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள் கெடு. அந்தக் கெடு ஓடுவதே எங்களுக்குத் தெரியாது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி இ.பி., அதாவது நிறைவேற்று மனு, நோட்டீஸ் வாசலுக்கு வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அப்புறம் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு. அதற்கும் ஒரு ஐ.ஏ. நம்பர் போட்டார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வழக்கைத் திரும்பப் பிடித்துவிட்டோம், சரி. ஆனால் அதற்குள் பெரியப்பா வீட்டில் யாரிடமும் நிமிர்ந்து பேசாத மனிதராகிவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலடா" என்று சொல்லிச் சொல்லியே ஒடுங்கிப் போனார். எழுதப் படிக்கத் தெரிந்த, நிலக் கணக்கை விரல் நுனியில் வைத்திருந்த மனிதர் அவர்.

"வக்கீலைக் கேட்டிருக்கலாமே" என்று எழுத விரலைத் தூக்கியிருப்பீர்கள். கேட்டதற்கு வந்த பதில்தான் மேலே இருக்கிறது.

"கூகுளில் தேடினால் வந்துவிடுமே" என்பார்கள். தேடுங்களேன். சி.எஸ்.ஆர். என்று போட்டால் கம்பெனிகள் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக்கொடுக்கும் நிதிதான் முதலில் வரும். எஸ்.சி. என்றால் செஷன்ஸ் வழக்கா, உச்ச நீதிமன்றமா, பட்டியல் சாதியா? எம்.பி. என்றால் இதர மனு என்று எந்தச் சாமானியனுக்குத் தோன்றும்? இடம் தெரிந்தவனுக்குத்தான் பொருள் தெரியும். இடம் தெரிந்தவன் எதற்குத் தேடப் போகிறான்?

"டாக்டர்களும்தானே சுருக்கி எழுதுகிறார்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்கள் செய்தாலும் தப்புதான். அடுத்தது.

நேரம், இடம் மிச்சம் என்ற வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாள் முழுக்க வழக்குப் பட்டியல் தட்டச்சு செய்கிறவர் ஒவ்வொரு தடவையும் "உரிமையியல் சீராய்வு மனு" என்று அடித்துக்கொண்டிருக்க முடியாது, சி.ஆர்.பி. என்றுதான் போடுவார். போடட்டும். நான் உங்கள் பதிவேட்டைப் பற்றிப் பேசவில்லை, எங்கள் கைக்கு வரும் தாளைப் பற்றிப் பேசுகிறேன்.

தமிழில் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்கிற நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கீழமை நீதிமன்றங்களின் தமிழ்த் தீர்ப்புகளைப் படித்திருக்கிறீர்களா? அ.சா.1, அ.சா.ஆ.1 என்று போகும். முதலாவது அரசுத் தரப்பு சாட்சி, இரண்டாவது அரசுத் தரப்பு சான்றாவணம். ஒரு 'ஆ' விட்டுப் போனால் ஆள் காகிதமாகவும் காகிதம் ஆளாகவும் மாறிவிடும். பழைய பத்திரங்களில் 'மேற்படி'க்கு ௸ என்று ஒரு குறியே இருந்தது, ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴. எழுதியவருக்கும் படித்தவருக்கும் அது பழக்கம். இன்றைய தாள்களில் அது 'ஷை' என்று நிற்கிறது. "ஷை நபர் ஷை இடத்தில்" என்று படிக்கிற இருபது வயதுப் பையன் ஷை என்பது யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்தால் அதற்கும் ஒரு சிரிப்புக் குறி போடுவீர்களா?

இதற்கு மேல் 2024 ஜூலை 1 வந்தது. 1860இன் ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) போய் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தது, சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) போய் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்தது. ஒன்று எது குற்றம் என்று சொல்லும் சட்டம், மற்றது எப்படி விசாரிப்பது என்று சொல்லும் சட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு 'எஸ்' தான் வித்தியாசம்! ஊரடங்கு என்றாலே நமக்கு 144. அது இப்போது 163. புதிய 144 என்ன தெரியுமா? மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கான ஜீவனாம்சம். கொலைக்கு இருந்த 302 இப்போது 103. பி.என்.எஸ். 302 மத உணர்வைப் புண்படுத்தப் பேசுவது. ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் என்பதால் இரண்டு கணக்கும் ஒரே கோர்ட்டில் சேர்ந்தே ஓடுகின்றன. எண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தச் சுருக்கம் புரியாதவனுக்கு எண் தெரிந்து என்ன லாபம்?

"சட்டம் தெரியாது என்பது மன்னிப்பாகாது" என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். ஒப்புக்கொள்கிறேன் ஐயா. சட்டத்தைத் தெரிந்துகொள்கிறோம். அதை நீங்கள் எழுத்து எழுத்தாகக் கத்தரித்துக் கொடுத்தால் எதைத் தெரிந்துகொள்வது? அந்தப் பெண் ஸ்டேஷன் வாசல் ஏறியதே பெரிய காரியம். எத்தனை பேர் வீட்டுப் பெண்களை "அங்கெல்லாம் போகாதே" என்று தடுத்து வைத்திருக்கிறீர்கள்? அவர் போனார், எழுதிக் கொடுத்தார், ரசீது வாங்கினார், அரசாங்கத்தை நம்பினார். உங்களுக்குச் சிரிப்பு வந்தது அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான், மூன்று எழுத்தைப் பார்த்து அல்ல.

அவருக்கு யாராவது இதைச் சொல்லி அனுப்புங்கள். பிடிவாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் இருந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன்விசாரணைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அது முடிவில்லாமல் இழுப்பதற்கான அனுமதி இல்லை. போட்டால் புகார்தாரருக்கு நகல் இலவசம். போட மறுத்தால் புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173இல் இருக்கிறது. வக்கீல் தேவைப்பட்டால் நேற்று நக்கலடித்தவரைத் தவிர வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.