நோட்டுல கிளி மட்டும்தான் இருந்துச்சு

"பாட வீடியோ கலரா ஆட்டம் பாட்டமா இருந்தாதான் வீக்கான பிள்ளைங்க உக்காந்து பாப்பாங்க"ன்னு டீச்சருங்க நாமளே இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கோம். எனக்கு மனசு ஆறல, அதான் எழுதறேன்.

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல வீட்லயே டியூஷன் எடுக்கறேன், பாதி பேரு தோட்டத்துப் பிள்ளைங்க. போன வாரம் நாலாம் ஆண்டுக்கு ஒளிச்சேர்க்கை வீடியோ போட்டேன். ஓரத்துல கூலிங் கிளாஸ் போட்ட கிளி ஒண்ணு கடைசி வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கு, நடுவுல ரஃப்ளீசியா பூ கதை வேற. அந்தப் பூவுக்கு இலையே கிடையாது, ஒளிச்சேர்க்கையே பண்ணாது, அதுக்கு இங்க என்ன வேலை?

முடிஞ்சதும் வரையச் சொன்னேன். ஒரு பொண்ணு, நிறைய வாசிக்கிற பிள்ளை, கிளியப் பாத்து நல்லா சிரிச்சா, ஆனா வெயிலு, தண்ணி, கரியமில வாயு எல்லாத்துக்கும் அம்புக்குறி போட்டு சரியா வரைஞ்சுட்டா. பக்கத்துல இருந்த பையன் நோட்டுல கிளி மட்டும்தான், கண்ணாடில பளபளக்கிற வெளிச்சம் மொதக்கொண்டு. இலையே இல்ல. கவனிக்கலன்னு சொல்லிடாதீங்க, அவன் கண்ணெடுக்காம பாத்தான், பாத்தது கிளிய.

இது எனக்கு மட்டும் தோணுறதில்ல. 1998ல ஹார்ப், மேயர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க மின்னல் எப்படி உருவாகுதுங்கிற பாடத்துல, மின்னல் தாக்கின ஆளுங்க கதையச் சேர்த்துப் பாத்தாங்க, படிச்சவங்களுக்கு முக்கியமான விஷயம்தான் கம்மியா ஞாபகம் இருந்துச்சு. 2006ல சான்செஸ், வைலின்னு வேற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பனி யுகம் பத்தின பாடத்துல சம்பந்தமில்லாத படத்த வச்சாங்க. படிக்கறத மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே யோசிக்கிற சக்தி இருக்கில்ல, செயல்நினைவுன்னு சொல்லுவாங்க, அது குறைவா இருந்தவங்களுக்குத்தான் அடி ஜாஸ்தி. கண்ணு எங்க போகுதுன்னு கருவி வச்சுப் பாத்தப்ப அந்தப் படத்தையே அடிக்கடி, ரொம்ப நேரம் பாத்ததும் அவங்கதான். அப்போ யாருக்காக இந்தக் கிளிய ஆட விடறோமோ அந்தப் பிள்ளையத்தான் அது தடுக்குது! ஏற்கனவே கொஞ்சம் தெரிஞ்ச பிள்ளை தேவையில்லாதத ஒதுக்கிட்டுப் போயிடும், ஒண்ணுமே தெரியாத பிள்ளைக்கு எது தேவை எது தேவையில்லன்னு எப்படித் தெரியும்?

மறுநாள் கிளி வரைஞ்ச பையனுக்கு மட்டும் திரும்பப் போட்டேன். மணிலா அட்டைய வெட்டி ஸ்கிரீன்ல கிளி இருக்கிற ஓரத்த மறைச்சு ஒட்டிட்டேன், பூ கதைய காட்டாம வேகமா ஓட்டித் தாண்டிட்டேன். அதுக்கு முன்னாடி, அவங்க அப்பா வெட்டிப் போடற செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டை ஏன் காயுதுன்னு கொஞ்ச நேரம் பேசினோம். வீடியோ பாதியில அவனே நிறுத்தச் சொல்லி கேட்டான், "டீச்சர், எங்க அப்பா மட்டை வெட்டற மரம் அவ்ளோ உயரமாச்சே, தண்ணி எப்படி மேல ஏறும்?"