உப்பின் கதை எங்கே?

பிலிப்பைன்ஸின் பங்கசினான் மாகாணம் பற்றிய உங்கள் கட்டுரையில் 'நூறு தீவுகள்' என்ற தீவுக்கூட்டமும், 1945 ஜனவரியில் லிங்காயென் வளைகுடாவில் அமெரிக்கப் படைகள் தரையிறங்கியதும் விரிவாக இருக்கின்றன. உப்புக்கு மட்டும் ஒரே வரி. வருத்தமாக இருக்கிறது. அங்குள்ள மொழியில் 'அசின்' என்றால் உப்பு. பங்கசினான் என்பதே 'உப்பு விளையும் இடம்'. அந்த உப்பையும் நெத்திலியையும் பிசைந்து ஜாடியில் மாதக்கணக்கில் ஊறவைத்தால் பகோங் என்ற மீன் விழுது. மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் பட்டிஸ். மாகாணத்தின் சமையலே இதில்தான் நிற்கிறது. உப்பில் அயோடின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கி 1995-இல் வந்த சட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எத்தனையோ சிறு உப்பளத்தார் தொழிலை விட்டார்கள். இவ்வளவு நீண்ட கடற்கரை இருந்தும் பிலிப்பைன்ஸ் இன்று பெரும்பகுதி உப்பை இறக்குமதி செய்கிறது. இதை எழுதாமல் அந்த மண்ணின் பொருளாதாரத்தை எப்படிச் சொல்ல முடியும்? அங்குள்ள தகுபன் நகரத்தின் பால்கெண்டை மீனுக்காவது ஒரு பத்தி கொடுத்தீர்களே, நன்றி.